எதை விட்டீர்கள், சரி. அந்த இடத்தில் எதை வைத்தீர்கள்?

கொலஸ்ட்ரால் பற்றி எழுதும் வாசகர்கள் பெரும்பாலும் விட்டதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். முட்டையை விட்டுவிட்டேன், வெண்ணெயை விட்டுவிட்டேன், கறியை விட்டுவிட்டேன். இதய நோய்ப் பிரிவில் உணவு ஆலோசகராக இருக்கும் என்னிடம் நேரில் வருகிறவர்களும் அப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்த இடத்தில் இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள்? இந்த இதழுக்கான கேள்விகளையும் அதை மனதில் வைத்துத்தான் எடுத்திருக்கிறேன்.

“மேடம், எனக்கு 48 வயது. கணக்குப் பிரிவில் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்த இடம்தான். மூன்று மாதத்துக்கு முன் மொத்தக் கொலஸ்ட்ரால் 228 என்று வந்தது. அன்றிலிருந்து முட்டை, இறைச்சி, வெண்ணெய் மூன்றையும் தொடவில்லை. இப்போது பார்த்தால் 238. சாப்பிட்டபோதே குறைவாகத்தானே இருந்தது? இரண்டு ரிப்போர்ட்டையும், ஒரு வாரம் சாப்பிட்டதையும் எழுதி இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?”

சாப்பிட்டதையும் எழுதி அனுப்பினீர்களே சார், அதற்கு முதலில் நன்றி. ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பியிருந்தால் நான் பொதுவாக நாலு வார்த்தை சொல்வதோடு நின்றிருப்பேன்.

நீங்கள் கணக்கு பார்க்கிறவர், அதனால் கணக்காகவே பார்ப்போம். மொத்தக் கொலஸ்ட்ரால் என்பது ஒரு கூட்டுத்தொகை. பல பரிசோதனைக் கூடங்களில் ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் ஹெச்.டி.எல்.-ஐயும், ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து, மிச்சத்தை எல்.டி.எல். என்று போடுகிறார்கள். 1972 முதல் புழக்கத்தில் உள்ள சூத்திரம் இது. உங்கள் பழைய ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 158, ஹெச்.டி.எல். 42, ட்ரைகிளிசரைடு 140. அதில் ஐந்தில் ஒரு பங்கு 28. மூன்றையும் கூட்டினால் 228. புது ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 152, ஹெச்.டி.எல். 40, ட்ரைகிளிசரைடு 230. ஐந்தில் ஒரு பங்கு 46. கூட்டினால் 238.

ஆக, ஏறியது எல்.டி.எல். இல்லை. அது 6 இறங்கியிருக்கிறது. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது, ஒரே ஆளுக்கு இரண்டு வெவ்வேறு நாளில் எடுத்தாலே அந்த அளவு முன்பின் வரும். ஏறியது ட்ரைகிளிசரைடு. மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்.-ஐ மட்டும் கழித்துப் பாருங்கள். முன்பு 186, இப்போது 198. ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடிய கொலஸ்ட்ரால் முழுவதும் இந்த எண்ணுக்குள் அடக்கம். அதனால் நான் மொத்தத்தைப் பார்ப்பதைவிட இதைத்தான் பார்ப்பேன்.

இப்போது நீங்கள் எழுதி அனுப்பிய தாளுக்கு வருவோம். காலையில் வெள்ளை ரொட்டி நாலு துண்டு, மேலே ஜாம். பதினோரு மணிக்குச் சர்க்கரை போட்ட டீ, ‘கொழுப்பு இல்லாதது’ என்று அட்டையில் போட்ட பிஸ்கட். மதியம் வெள்ளைச் சோறு நிறைய, காய் இரண்டு கரண்டி. மாலையில் டப்பா ஜூஸ் ஒரு கிளாஸ், இரவில் மறுபடியும் ரொட்டி. பயறும் பருப்பும் வாரத்தில் ஒரே ஒரு நாள். கொட்டை வகை ஒன்றுகூட இல்லை. முட்டையும் வெண்ணெயும் இருந்த இடம் முழுக்க மாவும் சர்க்கரையும் வந்து உட்கார்ந்துவிட்டன. தேவைக்கு மேல் வருகிற சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. அந்தக் கொழுப்புதான் ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு என்று வருகிறது.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2017-இல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசி ஓர் அறிக்கை வெளியிட்டது. வெண்ணெய், நெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு அங்கே தாவர எண்ணெய்களில் உள்ள நிறைவுறாக் கொழுப்பை வைத்தவர்களுக்கு இதய நோய் சுமார் 30 சதவீதம் குறைந்தது. அதே இடத்தில் மைதாவும் சர்க்கரையும் போனால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ‘குறைந்த கொழுப்பு’ என்று விற்கிற பொருள்களை நான் சிபாரிசு செய்யாததற்குக் காரணம் இதுதான். கொழுப்பை எடுத்தால் ருசி போய்விடும், அந்த ருசியைச் சர்க்கரையில் ஈடுகட்டியிருப்பார்கள். அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

காலை ரொட்டியை விடச் சொல்லவில்லை, முழுத்தானிய ரொட்டியாக இரண்டு துண்டு போதும். ஜாமுக்குப் பதில் சர்க்கரை சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அல்லது வேகவைத்த கொண்டைக்கடலையை நசுக்கி எலுமிச்சை பிழிந்து வையுங்கள். பதினோரு மணி பிஸ்கட்டுக்குப் பதில் உப்புப் போடாத பாதாமோ வால்நட்டோ ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம். ஜூஸை நிறுத்திவிட்டு அந்தப் பழத்தையே சாப்பிடுங்கள். மதியம் சோற்றைப் பாதியாக்கி, எடுத்த சோற்றின் இடத்தில் கொஞ்சம் பருப்போ பயறோ, கொஞ்சம் காயோடு வையுங்கள். இறைச்சியை விட்டது நல்லதுதான், ஆனால் மீன் சாப்பிடுகிறவர் என்றால் வாரம் இரண்டு முறை கொழுப்புள்ள மீன் சேருங்கள். மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் எதுவானாலும் சரி, பொரிக்காமல்.

மது பற்றி நீங்கள் எழுதவில்லை. பழக்கம் உண்டென்றால் அதுவும் ட்ரைகிளிசரைடை ஏற்றும், நிறுத்திவிடுங்கள். எட்டு வாரம் கழித்து மறுபடி பார்த்து எழுதுங்கள். சர்க்கரை அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ட்ரைகிளிசரைடு ஏறி ஹெச்.டி.எல். இறங்குகிறவர்களில் பலருக்கு அடுத்து நீரிழிவு வருவதைப் பார்த்திருக்கிறேன், உங்களுக்கு அது வர விடக்கூடாது.

“நான் பிறந்ததிலிருந்து சைவம். முட்டைகூடத் தொட்டதில்லை. ஒல்லியான உடம்பு. வயது 53, மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. எல்.டி.எல். 172 என்கிறார்கள். ரிப்போர்ட் மாறிப்போயிருக்குமோ அம்மா?”

மாறியிருக்காது அம்மா. சாப்பாட்டில் இருந்துதான் கொலஸ்ட்ரால் வருகிறது என்ற எண்ணத்தால் வந்த சந்தேகம் இது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடம்பேதான் தயாரிக்கிறது. எல்.டி.எல். துகள்களை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரல் செல்களின் மேல் ‘ஏற்பிகள்’ இருக்கின்றன. பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காகத்தான் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஏற்பிகள் குறைந்தால் எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றைக் குறைப்பதில் நிறைவுற்ற கொழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அது இறைச்சியில் மட்டுமா இருக்கிறது? வெண்ணெய், நெய், பாலாடை, சீஸ், தேங்காய் எண்ணெய், பாமாயில், பாமாயிலில் செய்த பேக்கரிப் பண்டம் எல்லாமே சைவம்தான்.

உங்கள் விஷயத்தில் மாதவிலக்கு நின்றதற்கும் பங்கு இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருந்தவரை அந்த ஏற்பிகளுக்கு அது துணையாக இருந்தது. அது குறைந்ததும் எல்.டி.எல். ஏறுவது சகஜம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், ஐம்பதைத் தாண்டிய பெண்கள் தாங்கள்தான் ஏதோ கண்டதைச் சாப்பிட்டுவிட்டதாக நினைத்து வருத்தப்படுகிறார்கள். அந்தக் குற்ற உணர்ச்சி வேண்டாம், நடவடிக்கை மட்டும் போதும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் எல்.டி.எல். ஏறும். அதைக் காட்டும் டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது சின்ன வயதிலேயே, ஆண் என்றால் 55-க்கு முன், பெண் என்றால் 65-க்கு முன், மாரடைப்பு வந்ததா? பரம்பரையாக எல்.டி.எல். ஏறும் கோளாறு ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. 190-ஐத் தாண்டினால் அதை அவசியம் சந்தேகிக்க வேண்டும். உங்களுடையது அதற்குக் கீழேதான், ஆனாலும் குடும்பத்தில் அப்படி யாராவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தக் கோளாறு உள்ளவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் அப்படித்தான், அது அவர்கள் குறை இல்லை.

“முட்டை சாப்பிடலாமா, கூடாதா? ஒருவர் மஞ்சள் கருவைத் தூக்கிப் போடச் சொல்கிறார், இன்னொருவர் தினம் நாலு சாப்பிடச் சொல்கிறார்.”

ஒரு பெரிய முட்டையில் 190 மில்லிகிராம் போலக் கொலஸ்ட்ரால் இருக்கிறது, முழுவதும் மஞ்சள் கருவில். உணவில் வரும் கொலஸ்ட்ரால், நிறைவுற்ற கொழுப்பு ஏற்றுகிற அளவுக்கு எல்.டி.எல்.-ஐ ஏற்றுவதில்லை. நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற உச்சவரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-க்கான பதிப்பில் எடுத்துவிட்டது. ஆரோக்கியமாக இருப்பவர் நாளுக்கு ஒன்று சாப்பிடலாம். நீரிழிவோ, அதிக எல்.டி.எல்.-ஓ இருப்பவருக்கு வாரத்துக்கு மூன்று நாலு என்று நான் நிறுத்திவிடுவேன். நாலு முட்டையை வெண்ணெயில் பொரித்து, கூடவே சாசேஜ் வைத்துக்கொண்டு ‘முட்டை நல்லதாமே’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

“டாக்டர் ஓட்ஸ் சாப்பிடச் சொன்னார். அந்தக் கொழகொழப்பு எனக்கு ஆகவே ஆகாது. குமட்டுகிறது. வேறு வழி உண்டா மேடம்?”

உண்டு. ஆனால் அதற்கு முன், நீங்கள் வெறுக்கும் அந்தக் கொழகொழப்பைப் பற்றியே கொஞ்சம் பேச வேண்டும். வேலை செய்வது அதுதான்.

ஓட்ஸ் கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் வைத்தால் கரண்டியோடு இழுபடுகிற மாதிரி ஆகும். அந்தப் பிசுபிசுப்பு பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து. குடலுக்குள் போனாலும் அது கூழாகவே இருக்கும். கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்த அமிலத்தைக் குடலுக்கு அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அதில் பெரும்பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சி, மீண்டும் கல்லீரலுக்கே கொடுத்துவிடும். கூழ் நடுவில் இருந்தால் பித்த அமிலத்தில் ஒரு பகுதி அதில் சிக்கி மலத்தோடு வெளியே போகிறது. கல்லீரலுக்கு இப்போது புதிதாகப் பித்த அமிலம் செய்ய வேண்டும், அதற்குக் கச்சாப் பொருள் கொலஸ்ட்ரால். எனவே ஏற்பிகளைக் கூட்டி ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ இழுத்துக்கொள்கிறது. நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் தொடர்ந்து போனால் எல்.டி.எல். ஏறத்தாழ 5 சதவீதம் குறையும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1997-இல் ஓட்ஸ் பாக்கெட்டில் இதய நலன் பற்றிய வாசகம் போட அனுமதித்தது இந்த 3 கிராம் கணக்கை வைத்துத்தான். அதற்குச் சமைக்காத ஓட்ஸ் 70 கிராம் அளவுக்கு வேண்டும். இரண்டு ஸ்பூனைப் பாலில் தூவிக் குடிப்பவர்கள் தினமும் ஓட்ஸ் சாப்பிடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அந்த அளவு போதாது.

சரி, உங்களுக்குப் பிடிக்காது. பார்லியிலும் அதே பீட்டா குளுக்கான் இருக்கிறது. முழுப் பார்லியை ஊறவைத்து வேகவைத்தால் ஒவ்வொரு மணியாகக் கடிபடும், வாயில் ஒட்டாது. சோற்றில் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம், சூப்பில் போடலாம். கொண்டைக்கடலை, ராஜ்மா, துவரை, பாசிப்பயறு எல்லாவற்றிலும் கரையும் நார் உண்டு, தினமும் ஒரு கிண்ணம் வேகவைத்தது எடுத்துக்கொள்ளுங்கள். வெண்டைக்காய், கத்தரிக்காய், ஆப்பிள், ஆரஞ்சு ஆகியவையும் இந்த வரிசைதான். வெண்டைக்காயின் வழவழப்பும் கரையும் நார்தான், அதைப் போக்க எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுக்கிற பழக்கத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

எதுவும் ஒத்துவரவில்லை என்றால் இசப்கோல் இருக்கிறது. மலச்சிக்கலுக்கு வாங்குகிற அதே உமிதான். கரையும் நார் கணக்கில் நாளுக்கு 7 கிராம் போனால் எல்.டி.எல். இறங்கும். ஒரு ஸ்பூனில் ஆரம்பித்து, பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி, கலக்கியதும் குடித்துவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு இது வேண்டாம். வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுவதாக இருந்தால் அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். நாரை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் வயிறு பழகிவிடும்.

“எங்கள் வீட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போட்ட எண்ணெய்தான் வாங்குகிறோம். அது பாதுகாப்புதானே? தேங்காய் எண்ணெய் நல்லது என்றும் இப்போது சொல்கிறார்களே?”

தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது என்று சொல்லிவிடலாம். எனவே அந்த வாசகத்தால் உங்களுக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதை. தேங்காய் எண்ணெயில் அது 80 சதவீதத்துக்கு மேல். வெண்ணெயைவிட அதிகம். பாமாயிலில் ஏறக்குறையப் பாதி. ஆலிவ் எண்ணெயில் 14 சதவீதம், சூரியகாந்தியில் 11 போல. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் 15-லிருந்து 20-க்குள் இருக்கும். தேங்காய் எண்ணெய் ஹெச்.டி.எல்.-ஐயும் ஏற்றுகிறது என்று சொல்வார்கள். உண்மைதான், எல்.டி.எல்.-ஐயும் சேர்த்து ஏற்றுகிறது. ஹெச்.டி.எல்.-ஐ மருந்தால் ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் மாரடைப்பு குறையவில்லை. அதனால் அந்த வாதத்தை நான் ஏற்பதில்லை. வாசனைக்கு ஒரு சொட்டு விடுவதைத் தடுக்கவில்லை, தினசரிச் சமையல் எண்ணெயாக வேண்டாம்.

எண்ணெய் மாற்றுவதைவிட அவசரமானது ஒன்று உண்டு. ‘ஓரளவு ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்ட தாவர எண்ணெய்’ என்று அட்டையில் பார்த்தால் அந்தப் பொருளைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். அது ட்ரான்ஸ் கொழுப்பு. எல்.டி.எல்.-ஐ ஏற்றி, ஹெச்.டி.எல்.-ஐ இறக்குகிறது. 2003-இல் டென்மார்க் அதற்கு முதலில் கடிவாளம் போட்டது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளும் அதை ஒழிக்க வேண்டும் என்று அழைப்பு விடுத்தது. நாளுக்கு இவ்வளவு என்ற பாதுகாப்பான அளவே இல்லாத கொழுப்பு அது.

நல்ல எண்ணெய் என்பதற்காகத் தாராளமாக ஊற்றவும் வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கிட்டத்தட்ட 120 கலோரி. பாட்டிலிலிருந்து நேராகக் கடாயில் ஊற்றும்போது அளவு தெரியாது, கரண்டியில் அளந்து ஊற்றுங்கள்.

“காபியால் கொலஸ்ட்ரால் ஏறுமா?”

எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காபிக் கொட்டையில் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் உண்டு, அது எல்.டி.எல்.-ஐ ஏற்றும். தூளை நேராகக் கொதிக்கவைத்து இறுத்தாலும், ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் போட்டாலும் அது கோப்பைக்கு வந்துவிடும். காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். இன்ஸ்டன்ட் காபியிலும் மிகக் குறைவு. நாளுக்கு ஒன்று என்றால் கவலை இல்லை. நாலைந்து கப் குடிப்பவருக்கு எல்.டி.எல். இறங்காமல் இருந்தால் இதையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கலாம். பாலும் சர்க்கரையும் தனிக் கணக்கு.

“என் கணவருக்கு 57 வயது. போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அடோர்வாஸ்டாட்டின் 40 சாப்பிடுகிறார். இப்போது எல்.டி.எல். 61. சாப்பாட்டிலேயே மாத்திரை அளவுக்குக் குறைக்கலாம் என்று எங்கோ படித்துவிட்டு, மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். அவருக்குத் தனியாகச் சமைக்க வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள் மேடம்.”

சகோதரி, இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

ஐயா, நீங்கள் படித்தது பொய் இல்லை. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். 46 பேர், ஒரு மாதம். ஒரு பிரிவுக்கு ஓட்ஸ், பார்லி, இசப்கோல், சோயா, பாதாம், வெண்டைக்காய், கத்தரிக்காய், தாவர ஸ்டெரால் சேர்த்த மார்ஜரின் என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். எல்.டி.எல். 28 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இன்னொரு பிரிவுக்கு லோவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் குறைப்பு மாத்திரை 20 மில்லிகிராம். அவர்களுக்கு 31 சதவீதம். அந்த ஆய்வின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, என் நோயாளிகளுக்குத் திட்டம் போடும்போது நான் கையில் எடுப்பது அந்த உணவு முறையைத்தான்.

ஆனால் அந்த ஆய்வில் சாப்பாட்டை எடைபோட்டு ஆய்வாளர்களே கொடுத்தார்கள். பின்னர் அதே குழு, வெறும் ஆலோசனை மட்டும் சொல்லி, மக்கள் அவரவர் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டபோது என்ன ஆகிறது என்று பார்த்தது. 2011-இல் வந்த முடிவின்படி ஆறு மாதத்தில் 13 சதவீதம் போலத்தான் குறைந்தது. அதுவும் நல்ல பலன்தான். ஆனால் நீங்கள் சாப்பிடுவது லோவாஸ்டாட்டின் 20 இல்லை, அடோர்வாஸ்டாட்டின் 40. அது தனியாகவே எல்.டி.எல்.-ஐப் பாதி அளவுக்கு இறக்கக்கூடிய மாத்திரை. உங்கள் 61 என்பது மாத்திரையும் சேர்ந்து கொடுத்த எண். நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய இடத்துக்குப் போய்விடும். அப்போது உங்களுக்கு உடம்பில் ஒன்றுமே தெரியாது, அதுதான் எனக்குக் கவலை.

ஏற்கனவே ஒரு ரத்தக்குழாய் அடைத்தவருக்கு மற்றக் குழாய்களிலும் படிவு இருக்கத்தான் செய்யும். நீங்கள் சாப்பிடுகிற ஸ்டாட்டின் வகை மாத்திரை அந்தப் படிவு வெடிக்காமல் இறுகி நிற்கவும் உதவுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எல்.டி.எல். ஒவ்வொரு 39 புள்ளி குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலில் மாரடைப்பு வந்தவர்களுக்குச் சொல்லியிருக்கும் இலக்கு 55-க்குக் கீழே. அந்த அளவில் பார்த்தால் உங்கள் மருத்துவர் இன்னும் கொஞ்சம் இறக்கத்தான் யோசிப்பார். உங்கள் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. மாத்திரை தொடரட்டும், மிச்சமுள்ள அந்த 6 புள்ளியைத் தட்டில் குறைக்கப் பாருங்கள்.

சாப்பாடு எண்ணை மட்டும் குறைக்கிற விஷயமும் இல்லை. பிரான்சில் லியோன் நகரில் முதல் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் வெண்ணெயையும் க்ரீமையும் எடுத்துவிட்டு கனோலா எண்ணெயில் செய்த மார்ஜரினுக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் மாறினார்கள், இறைச்சியைக் குறைத்து மீன், பயறு, காய்கறி, பழம் கூட்டினார்கள். இரண்டு பிரிவுக்கும் கொலஸ்ட்ரால் அளவில் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் மறுபடி மாரடைப்பு வந்தவர்களும் இறந்தவர்களும் உணவை மாற்றிய பிரிவில் வெகுவாகக் குறைவு. எனவே உங்கள் எல்.டி.எல். நன்றாக இருக்கிறதே என்று சாப்பாட்டை விட்டுவிடுவதும் தவறு, சாப்பாடு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை விடுவதும் தவறு.

இனி சகோதரி, உங்களுக்கு. தனிச் சமையல் வேண்டவே வேண்டாம். ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் ‘நோயாளிச் சாப்பாடு’ என்று வைத்தால் அது ரொம்ப நாள் ஓடாது. மற்றவர்கள் தட்டைப் பார்த்தே அவர் மனசு விட்டுப்போகும், உங்களுக்கும் வேலை இரட்டிப்பு. அவருக்கு நான் சொல்வது வீட்டில் எல்லோருக்கும் நல்லதுதான். உப்பை மட்டும் சேர்த்துக் கவனியுங்கள். ஆள் ஒன்றுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டிக்குள், ஊறுகாயும் பாக்கெட் பண்டமும் ரொட்டியும் உட்பட. ஒரு சின்னத் தட்டில் ஊறவைத்த பயறும் கொட்டையும் எட்டுகிற இடத்தில் இருந்தால், பசிக்கிற நேரத்தில் அவர் கை தானாக அங்கே போகும்.

இந்த மாத்திரை சாப்பிடும்போது இரண்டு விஷயத்தில் ஜாக்கிரதை. கிரேப்ஃப்ரூட் என்ற பழத்தை, அதன் சாற்றை முக்கியமாக, தவிர்த்துவிடுங்கள். மாத்திரை உடம்பிலிருந்து வெளியேறுவதை அது தாமதப்படுத்தி, ரத்தத்தில் அளவைக் கூட்டிவிடும். சாதாரண ஆரஞ்சுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அடுத்தது, ‘இயற்கையானது’ என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை. அதில் இருக்கும் மோனகோலின் கே என்பது வேதியியலில் லோவாஸ்டாட்டினேதான். ஏற்கனவே ஒரு ஸ்டாட்டின் போகும்போது அதையும் சேர்த்தால் தசைக்கும் கல்லீரலுக்கும் ஆபத்து.

அவர் நிறுத்தப் போகிறேன் என்று சொல்வதற்கு உண்மையிலேயே வேறு காரணம் ஏதும் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். தொடையிலோ தோளிலோ இரண்டு பக்கமும் வலி, படி ஏறினால் கால் துவள்வது, இப்படி ஏதாவது இருந்து வெளியே சொல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரத்தத்தில் தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. அளவைப் பார்ப்பார்கள், மாத்திரையின் அளவைக் குறைப்பார்கள், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவார்கள், அல்லது எஸெட்டிமைப் என்ற வேறு வகை மாத்திரையைச் சேர்ப்பார்கள். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போய், கூடவே தசைவலியும் கடுமையாக இருந்தால் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.